முதுகோடு நின்றுவிடாத வலி

பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைக் கண்டு இரங்குகிற உலகம், முதுகுவலிக்காரனிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. முதல் வாரத்தில் தைலம் தேய்த்துவிட ஆள் உண்டு. இரண்டாவது வாரத்தில் ஒத்தடத்துக்கு வெந்நீராவது கிடைக்கும். மூன்றாவது மாதம் பிறந்துவிட்டதென்றால், இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நலம் என்பது வீட்டிலுள்ளவர்களின் முகத்தைப் பார்த்தவுடன் அவனுக்கே விளங்கிவிடும். கட்டு இல்லை, காயம் இல்லை, ஜுரம் இல்லை, சாப்பிடுகிறான், நடமாடுகிறான், ஆனாலும் வலிக்கிறது என்கிறான். கடைசியில் பணத்தைப் புரட்டி ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனால், வைத்தியர் அந்தப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது; இந்த வயசில் பல பேருக்கு இருக்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆறுதலாக இருக்கவேண்டிய அந்த வார்த்தை, வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டவன் காதில், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்பதாகவே விழுகிறது.

வைத்தியர் சொன்னது உண்மைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். 1994-ம் வருஷம் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், முதுகுவலி என்பதே இல்லாத 98 பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய இடுப்பெலும்புத் தொடரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவிகிதம் பேருக்கு ஏதேனும் ஓரிடத்திலாவது ஜவ்வு உப்பியிருந்தது. 27 சதவிகிதம் பேருக்கு அது பிதுங்கியே இருந்தது. எல்லா ஜவ்வுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நரை விழுவதையும் தோல் சுருங்குவதையும் யாரும் வியாதியென்று சொல்வதில்லை. முதுகெலும்பின் இடையிலுள்ள ஜவ்வுகளின் தேய்மானத்திலும் பெரும்பகுதி அந்த இனத்தைச் சேர்ந்ததே. படத்தில் பழுது தெரிகிறவன் சுகமாக இருக்கிறான். படம் சுத்தமாக இருக்கிறவன் துடிக்கிறான். அப்படியானால், துடிப்பின் காரணத்தை முதுகுக்கு வெளியேயும் தேடவேண்டியதுதான் நியாயம் அல்லவா?

இது சிலருடைய சங்கடம் மட்டுமல்ல. 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு, கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டதாகவும், 2050-க்குள் அந்தத் தொகை 84 கோடியைத் தாண்டிவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்திருக்கிறது. பளுவைத் தூக்கியோ, கால் சறுக்கியோ, ஒன்றுமே செய்யாமல் காலையில் எழுந்திருக்கும்போதோ வந்து பிடிக்கிற பிடிப்பு, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே விட்டுப்போகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும்போதுதான் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிய வலி, முந்தைய வலி நீண்டுபோனது மட்டுமல்ல, வேறொரு ஸ்வபாவம் கொண்டது என்பதே சென்ற இருபது இருபத்தைந்து வருஷங்களில் விஞ்ஞானிகளுக்குப் புலப்பட்டு வந்திருக்கிறது.

வலியைப் பற்றி நம்மில் பலர் மனத்தில் இன்றும் குடியிருப்பது, பிரெஞ்சு தத்துவஞானி டேகார்ட் வரைந்துவிட்டுப்போன சித்திரம். அவர் காலஞ்சென்ற பிறகு வெளிவந்த நூல் ஒன்றில், ஒரு சிறுவன் நெருப்பின் அருகில் பாதத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். பாதத்திலிருந்து மூளைவரை ஒரு கயிறு ஓடுகிறது. கீழே சூடு பட்டதும் கயிறு இழுபட்டு, மேலே மணி அடிக்கிறது. எவ்வளவு இழுப்போ அவ்வளவு ஓசை. எவ்வளவு காயமோ அவ்வளவு வலி. எளிமையான, அழகான கொள்கை. அதன் அழகே முந்நூறு வருஷம் அதைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் இரண்டாவது மகாயுத்தத்தில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் பணிபுரிந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கை கால் சிதைந்து, வயிறு கிழிந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்று சொன்னதைக் குறித்துவைத்து, 1946-ல் பிரசுரித்தார். அவர்கள் மயங்கியிருக்கவில்லை, ஊசி குத்தினால் மற்றவர்களைப் போலவே முகம் சுளித்தார்கள். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டோம் என்ற எண்ணம், காயத்தின் பொருளையே அவர்களுக்கு மாற்றிவிட்டது என்பது பீச்சரின் முடிவு. மணி அடிக்கவேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. கயிற்றுக்கும் மணிக்கும் நடுவே யாரோ இருக்கிறார்கள்.

அந்த நடுவாந்தரக்காரனை, ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் முதுகுத்தண்டிலேயே கண்டுபிடித்தார்கள். காயத்தின் செய்தி மேலே போகுமுன் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்கிறது. அந்த வாயிலைத் திறப்பதிலும் மூடுவதிலும், தோலிலிருந்து வரும் மற்ற ஸ்பரிச உணர்ச்சிகளுக்கும், மேலேயிருந்து மூளை அனுப்பும் உத்தரவுகளுக்கும் அதிகாரம் உண்டு. முழங்கை கதவில் இடித்துக்கொண்டால் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கிறதே, அந்தத் தேய்ப்பில் வலி சற்று மட்டுப்படுவதன் ரகசியம் இதுதான். இந்தக் கொள்கையின் விவரங்கள் பிற்பாடு பலவாறு திருத்தப்பட்டாலும், வலி என்பது மூளை கேட்டுக்கொள்ளும் சேதியாக மட்டும் இல்லாமல், மூளை தன் பங்குக்குச் சேர்த்தும் குறைத்தும் முடிவு கட்டும் ஓர் அநுபவம் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

மூளைக்கு இவ்வளவு பங்கு உண்டென்றால், வருஷக்கணக்காக ஓயாமல் வலியைக் கட்டிக்கொண்டு அழுகிற மூளைக்கு என்ன நேர்கிறது? இந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டவர், சிகாகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வானியா அப்காரியன். நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 26 பேரையும், வயதிலும் பாலிலும் அவர்களுக்கு ஒத்த சுகவாசிகளையும் அழைத்து, அவர்களுடைய மூளைகளைப் படம் எடுத்து ஒப்பிட்டு, 2004-ல் அவரும் அவருடைய குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள். சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் இருப்பிடமான, நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதி, வலிக்காரர்களிடம் 5 முதல் 11 சதவிகிதம் வரை குறைந்திருந்தது. வயது ஏற ஏற எல்லாருக்குமே இது சிறிது சிறிதாகக் குறைவதுதான். ஆனால் இங்கே கண்ட குறைவு, பத்திலிருந்து இருபது வருஷ மூப்புக்குச் சமானமாக இருந்தது. அதுமட்டுமன்றி, வலியோடு வாழ்ந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சுமார் 1.3 கன சென்டிமீட்டர் வீதம் இழப்பு கூடிக்கொண்டு போனதாகவும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

இழப்பு எங்கே என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. உடம்பின் நானா பக்கங்களிலிருந்தும் வரும் உணர்ச்சிச் செய்திகளை வாங்கி, பங்கிட்டு, மேல்மூளைக்கு அனுப்பும் தலாமஸ் என்ற உள்பகுதியின் வலப்பக்கம் அதில் ஒன்று. மற்றது, நெற்றியின் இரு மருங்கிலும் உள்ளே இருக்கிற முன்மூளைப் பகுதி. ஒரு கணக்கை மனத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பார்ப்பதும், ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொள்வதும், இதைச் செய்தால் பின்னால் என்ன ஆகும் என்று யோசிப்பதும் பெரும்பாலும் இந்தப் பகுதியின் உத்தியோகம். வலியைக் கீழேயே அடக்கிவைக்கிற உத்தரவுகள் பிறக்கும் இடங்களிலும் இது ஒன்று என்பதை நினைத்துப் பார்த்தால், நிலைமையின் விபரீதம் புரியும்: எந்தக் காவல்காரனைக் கொண்டு வலியை விரட்டவேண்டுமோ, அவனையே வலி மெலியச் செய்துவிடுகிறது.

இங்கே நாம் அவசரப்படக் கூடாது. ‘முதுகுவலி மூளையைத் தின்றுவிடுகிறது’ என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பயமுறுத்திய பத்திரிகைகள் உண்டு. அது விஞ்ஞானமன்று, வியாபாரம். எம்.ஆர்.ஐ. படத்தில் அளவு குறைந்து தெரிவதனால் நரம்பணுக்கள் செத்து ஒழிந்தன என்று ஏற்படாது. அவற்றின் கிளைகள் சுருங்கியிருக்கலாம், அவற்றைத் தாங்கிநிற்கும் துணை அணுக்களிலோ ரத்த ஓட்டத்திலோ மாறுதல் நேர்ந்திருக்கலாம். பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு குறைவைக் காணவுமில்லை. சில அதைவிடச் சொற்பமாகவே கண்டன. வலியினால் மூளை மாறியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்களுக்குத்தான் வலி நிலைத்துவிடுகிறதா என்ற சந்தேகமும் நியாயமானதே. அதற்கு ஓரளவு விடை, முதுகிலிருந்து வராமல் இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. மூட்டுத் தேய்ந்து வருஷக்கணக்கில் வேதனைப்பட்டவர்களை, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் செயற்கை மூட்டுப் பொருத்துமுன்னும் பின்னும் படம் எடுத்து, 2009-ல் அறிவித்தார்கள்: வலி நீங்கியவர்களிடம், முன்பு குறைந்திருந்த பகுதிகள் மீண்டும் வளரத் தொடங்கியிருந்தன. செத்துப்போனது மீள்வதில்லை, மீண்டது என்றால் அது செத்திருக்கவில்லை.

மூளையின் உருவத்தை விட்டு அதன் நடத்தையைப் பார்த்தால், வலிக்காரனின் மனைவிக்கும் மக்களுக்கும் நெடுநாளாகத் தெரிந்த சில சங்கதிகளுக்குக் காரணம் கிடைக்கிறது. சொன்னதை மறக்கிறார், சிறு விஷயத்துக்கு எரிந்துவிழுகிறார், கடைக்குப் போனால் எதை வாங்குவது என்று தீர்மானிக்க மாட்டாமல் நிற்கிறார் என்பவை அவர்களுடைய புகார்கள். அப்காரியன் குழுவினர், முதுகுவலிக்காரர்களை ஒரு சீட்டாட்டம் ஆடச் சொன்னார்கள். நான்கு கட்டுகள், இரண்டு கட்டுகளில் பெரிய தொகை கிடைக்கும், ஆனால் அவ்வப்போது அதைவிடப் பெரிய தண்டமும் விழும், மற்ற இரண்டில் கிடைப்பது கொஞ்சம், இழப்பதும் கொஞ்சம், முடிவில் லாபம். சாதாரணமாக எவரும் சிறிது நேரம் ஆடியதும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், நல்ல கட்டின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வலிக்காரர்களோ ஒன்றில் நிலைக்காமல் கட்டுக்குக் கட்டு தாவிக்கொண்டிருந்தார்கள். வலி எவ்வளவு கடுமையோ அவ்வளவு மோசமாகத் தோற்றார்கள். புத்தியில் அவர்களுக்குக் குறைவில்லை. லாப நஷ்டத்தை உள்ளுணர்வாக எடைபோடும் சக்திதான் தளர்ந்திருந்தது.

2008-ல் வெளிவந்த மற்றொரு பரிசோதனை இன்னும் எளியது. திரையில் ஒரு பட்டை ஏறி இறங்கும். அதன் உயரத்துக்கு ஏற்ப விரலை அசைத்துக் காட்டவேண்டும். இந்தக் காரியத்தில் வலிக்காரர்களும் மற்றவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். வேறுபாடு உள்ளே இருந்தது. நாம் சும்மா இருக்கும்போது மூளையில் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாக இருக்கும். ஏதாவது வேலையில் இறங்கியதும் அவை அடங்கிவிடும். வலிக்காரர்களிடம் அவை சரிவர அடங்கவில்லை. வெளிப்பார்வைக்கு அவனும் மற்றவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவனுடைய மூளைக்கு ஓய்வு என்றும் வேலை என்றும் பிரிவு இல்லாமல் போகிறது. ஒன்றுமே செய்யாமல் களைத்துப்போகிறான் என்று அவனை ஏளனம் செய்கிறவர்கள் இந்தப் படங்களைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

தன் உடம்பைப் பற்றி மூளை வைத்திருக்கும் வரைபடமும் நாளடைவில் கலைகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்டா ஃப்ளோர், 1997-ல், நாட்பட்ட வலிக்காரர்களின் முதுகைத் தூண்டி மூளையின் எதிரொலியை அளந்தபோது, முதுகுக்குரிய இடம் தன் எல்லையைக் கடந்து காலுக்குரிய பிரதேசத்தை நோக்கி நகர்ந்திருக்கக் கண்டார். ஆஸ்திரேலியரான லொரிமர் மோஸ்லி கருவி எதுவும் வேண்டாமல், காகிதமும் பென்சிலும் கொடுத்து, “உங்கள் முதுகு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ, தொட்டுப் பார்க்காமல், அப்படியே வரையுங்கள்” என்று ஆறு பேரைக் கேட்டார். வலி இல்லாத பக்கத்தை ஒழுங்காக வரைந்துகொண்டு வந்தவர்கள், வலிக்கிற பக்கத்துக்கு வந்ததும் கோட்டை விட்டுவிட்டார்கள். அங்கே தங்கள் விளிம்பு எங்கிருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அதே இடத்தில் இரண்டு முனைகளால் தொட்டால், அவற்றை இரண்டென்று பிரித்தறியவும் அவர்களால் எளிதில் முடியவில்லை. இல்லாத கை வலிக்கிறது என்று அழுதவர்களைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டு ஆராய்ந்த வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே அங்கம் போய்விட்டது, மூளையில் அதன் வரைபடம் இருக்கிறது. இங்கே அங்கம் இருக்கிறது, வரைபடம் மங்கிப்போயிற்று. இரண்டிலும் வலி உண்மை.

இவற்றையெல்லாம் கோத்துப் பார்க்கையில், நாட்பட்ட வலி என்பது ஒருவிதக் கல்வி என்று சொல்லத் தோன்றுகிறது. அப்காரியன் குழுவினர், முதுகுவலி புதிதாக வந்தவர்களைத் தொடக்கத்திலேயே பிடித்து, ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2012-ல் எழுதினார்கள். யாருக்கு வலி நிலைக்கப்போகிறது என்பதை முன்கூட்டிக் காட்டியது, ஊக்கத்துக்கும் பலனுக்கும் சம்பந்தப்பட்ட இரண்டு மூளைப் பகுதிகளுக்கு இடையே இருந்த தொடர்பின் நெருக்கமே. எது நல்லது, எது தீயது, எதை நாடவேண்டும், எதை அஞ்சவேண்டும் என்று அநுபவத்திலிருந்து பாடம் படிக்கிற பகுதிகள் அவை. அடுத்த வருஷம் வெளிவந்த ஆய்வில், வலி புதிதாக இருக்கையில் உடம்புணர்ச்சிக்குரிய பகுதிகளில் காணப்பட்ட கிளர்ச்சி, நாட்பட நாட்பட உணர்ச்சிவசத்துக்குரிய பகுதிகளுக்கு இடம் மாறியிருந்தது. வீணை பயில்கிறவனுக்கு முதலில் ஒவ்வொரு மீட்டுக்கும் விரலைக் கவனிக்கவேண்டியிருக்கிறது; சாதகம் ஏற ஏற, விரல் தானே ஓடுகிறது, கேட்கிறவன் கண்ணில் நீர் வருகிறது. வலியிலும் மூளை அதே சிரத்தையோடு சாதகம் செய்கிறது. குனியும்போது ஒரு பயம், எழும்போது ஒரு பயம், நாளைக்கு ரயிலில் உட்கார்ந்து போகமுடியுமா என்று ஒரு பயம். இவை ஒவ்வொன்றும் ஓர் ஆவர்த்தனம்.

அதனால்தான், “எல்லாம் மனசில்தான் இருக்கிறது” என்று சொல்கிற பந்துக்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒருவனைப் பொய்யனாக்குவதுதான் பொறுக்க முடியவில்லை. மூளையும் சதைதான், நரம்புதான், ரத்தம் ஓடுகிற அங்கம்தான். அங்கே நேர்ந்த மாறுதலால் வலிக்கிறது என்றால், கால் முறிந்து வலிப்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததன்று.

படித்ததை மறக்கச் செய்யவும் முடியும் என்பது ஆறுதலான சேதி. கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தில் முதுகுக்குச் சத்திரசிகிச்சையோ ஊசி மருந்தோ பெற்று நலமடைந்தவர்களை ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தவர்கள், முன்மூளையின் இடப்பக்கத்தில் மெலிந்திருந்த பட்டை மறுபடி தடித்திருந்ததையும், யோசனை வேலையின்போது அது இயல்பாகத் தொழிற்பட்டதையும் 2011-ல் தெரிவித்தார்கள். ஆகவே வலிக்கு மூலம் முதுகில் இருக்கும்போது முதுகைக் கவனிப்பதே முறை. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, ஜுரம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்ற அறிகுறிகளில் எது தென்பட்டாலும், மூளையைப் பற்றிய இந்த வியாக்கியானங்களையெல்லாம் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அப்படி எதுவும் இல்லாத பெரும்பாலோருக்கு, படுத்தே கிடப்பது பகை. 1986-லேயே, இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிடக் குறைவான நாட்களே வேலைக்கு மட்டம் போட்டதாகவும், மற்றபடி இரு சாராரும் ஒரே மாதிரி குணமடைந்ததாகவும் அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தேகப்பயிற்சியையும், வலியின் தன்மையை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும், மனப்பயிற்சிச் சிகிச்சையையும் சிபாரிசு செய்கிறது. நம் ஊரில் கண்கண்ட தெய்வமாக மதிக்கப்படும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும், அபின் இனத்து வலி மருந்துகளையும் வாடிக்கையாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஒரு சோதனை, மனப்பயிற்சிச் சிகிச்சை எவ்வளவு தூரம் போகமுடியும் என்று காட்டியது. சராசரியாகப் பத்து வருஷம் முதுகுவலியோடு வாழ்ந்த 151 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு, வலி உண்மையே என்றாலும் அது முதுகு சேதமாவதன் அடையாளமன்று, மூளை தவறாக அடிக்கும் அபாயமணி என்பதை முதலில் அவர்களுடைய சொந்த அநுபவங்களைக் கொண்டே எடுத்துக்காட்டினார்கள். பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு இருமுறை, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும் வலியைக் கிளப்புகிற அசைவையே செய்வார்; வலி வந்ததும் அதை விரட்டாமலும் அதைக் கண்டு ஓடாமலும், அது சூடாக இருக்கிறதா, குத்துகிறதா, இடம் மாறுகிறதா என்று, இதனால் ஆபத்து இல்லை என்ற நினைவோடு, வெறுமே கவனிப்பார். முடிவில் இவர்களில் 66 சதவிகிதம் பேருக்கு வலி அறவே போயிற்று, அல்லது போனதற்குச் சமமாயிற்று. வெறும் உப்புநீர் ஊசி என்று சொல்லியே போடப்பட்டவர்களில் அப்படி ஆனவர்கள் 20 சதவிகிதம். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 சதவிகிதம். ஒரு வருஷம் சென்றும் அந்தப் பலன் பெரும்பாலும் நிலைத்தது.

ஆயினும் அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் எத்தகையவர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். வலி பத்துக்கு நான்கு என்ற நடுத்தர அளவிலிருந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து தன் வலியைத் தானே நிதானமாக வேடிக்கை பார்க்கும் அவகாசம் பெற்றவர்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்கும், நாள் முழுவதும் குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் முதுகில் ஆபத்து இல்லை என்று சொல்வதற்கு முன்னால், அவர்கள் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் இறக்கவேண்டிய பாரம் வேறு இருக்கிறது; அது வைத்தியருடைய கையில் மட்டும் இல்லை.